எல்லாக் காருக்கும் ஒன்பது இஞ்ச் வேண்டாம்

ஆஸ்திரேலியாவில் பழைய ஹோல்டன், ஃபால்கன், வேலியண்ட் கார்களைப் புதுப்பிப்பவர்களிடம் எந்த டிஃபரன்ஷியல் போடலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில் வருகிறது: "ஃபோர்டு ஒன்பது இஞ்சைப் போட்டுவிடு, அப்புறம் கவலையே இல்லை." கிரவுன் வீலின் விட்டம் ஒன்பது அங்குலம் என்பதால் வந்த பெயர் அது. எக்ஸ்.ஒய். ஃபால்கன் ஜி.டி. போன்ற கார்களில் தொழிற்சாலையே பொருத்திய உறுதியான டிஃபரன்ஷியல். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதையே எல்லாக் காருக்கும் சொல்வது தவறு. அந்தப் பேச்சை நம்பி நல்ல நிலையில் இருந்த எத்தனையோ ஹவுசிங்குகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வாதத்தின் அடித்தளம் "மற்றவை தாங்காது" என்பது. பாத்தர்ஸ்ட் பந்தயமே இதற்கு நல்ல பதில். 1972-இல் பந்தய ஓட்டுநர் பீட்டர் பிராக் வென்றது எல்.ஜே. டொரானா எக்ஸ்.யு.-1 காரில். ஆறு சிலிண்டர், 202 கன அங்குல எஞ்சின், பின்னால் ஹோல்டனின் 'பாஞ்சோ' டிஃபரன்ஷியல். எதிரே ஒன்பது இஞ்ச் பொருத்திய வி8 ஃபால்கன் ஜி.டி.எச்.ஓ.க்கள் ஓடின. அன்றைய மழை சிறிய காருக்கு உதவியது உண்மைதான். ஆனாலும் 500 மைல் மலைப்பாதை முழுவதும் அந்த பாஞ்சோ தாங்கியிருக்கிறது. 1978-இலும் 1979-இலும் பிராக்கும் ஜிம் ரிச்சர்ட்ஸும் வென்ற டொரானா ஏ9எக்ஸில் இருந்தது பத்து போல்ட் சாலிஸ்பரி. அதன் முன்னால் 308 வி8. 1979-இல் ஆறு சுற்று இடைவெளியில் வென்றார்கள், அதுவும் மழையே இல்லாத நாளில்.

பாஞ்சோவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 308 வி8, மேனுவல் கியர், அகலமான ஒட்டும் டயர், நின்ற இடத்திலிருந்து கிளட்சைப் பட்டென்று விடும் பழக்கம் எல்லாம் சேர்ந்தால் பாஞ்சோ உடையும். அப்படி ஓட்டுகிறவர்களுக்கு நானும் ஒன்பது இஞ்சையே சொல்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வரும் 186 எஞ்சின் எச்.ஆர். செடானுக்கு அது எதற்கு?

"பலம் கூடுகிறது, நஷ்டம் ஒன்றுமில்லையே" என்பார்கள். நஷ்டம் உண்டு. ஒன்பது இஞ்சின் பினியன், ஆக்சிலின் மையத்துக்கு மிகக் கீழே, ஏறத்தாழ 2.25 அங்குலம் தாழ்ந்து அமைந்திருக்கிறது. அதனால் ஒரே சமயத்தில் அதிகப் பற்கள் பொருந்துகின்றன. பலம் அங்கிருந்து வருகிறது. அதே அமைப்பினால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் வழுக்கி உரசவும் செய்கின்றன. உராய்வு கூடுகிறது, எண்ணெய் சூடேறுகிறது, எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு அங்கேயே கரைகிறது. 400 குதிரைத்திறன் உள்ள எஞ்சினுக்கு அது பெரிய விஷயமல்ல. 120 உள்ள எஞ்சினுக்கு ஒவ்வொன்றும் கணக்கு.

"அப்படியே கழற்றி மாட்டிவிடலாம்" என்பதுதான் பணத்தை விழுங்கும் பொய். எக்ஸ்.ஒய். ஃபால்கனின் ஹவுசிங்கில் இருப்பது லீஃப் ஸ்பிரிங்குக்கான அமைப்பு. எச்.கியூ. ஹோல்டன் செடானில் பின்னால் காயில் ஸ்பிரிங், அதைத் தாங்கும் ஆர்ம்கள். அந்த பிராக்கெட்டுகளை எல்லாம் புதிதாக வெல்டிங் செய்தாக வேண்டும். ஃபோர்டின் வீல் போல்ட் வட்டம் 114.3 மி.மீ., எச்.கியூ.வுக்கு 120.65. முன்சக்கரத்துக்கு ஒரு ரிம், பின்சக்கரத்துக்கு வேறு ரிம், ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது என்ற நிலைக்கு வந்து நிற்கும். ஆக்சில் நீளம், பிரேக் லைன், ஹேண்ட்பிரேக் கேபிள், ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். இப்படிப்பட்ட மாற்றத்துக்குப் பொறியாளரின் சான்றிதழ் கேட்கப்படலாம். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறு.

அதைவிட, ஒன்பது இஞ்ச் என்பது ஒரே பொருளுமல்ல. 28 ஸ்பிளைன் ஆக்சிலும் உண்டு, 31 ஸ்பிளைனும் உண்டு. சாதாரண வார்ப்பிரும்பு கேஸும் உண்டு, வெளியே 'என்' எழுத்து வார்க்கப்பட்ட உறுதியான நோடுலர் கேஸும் உண்டு. சாதாரண கேஸும் 28 ஸ்பிளைனும் உள்ளதை வாங்கிவிட்டு, ஜி.டி.எச்.ஓ.வின் பலம் கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் அடையாளம் காணும் கேள்வி வருகிறது. "எந்தக் காரில் இருந்ததோ அந்தக் காரின் டிஃபரன்ஷியல்தான் அது" என்று நம்பாதீர்கள். ஐம்பது வருடத்தில் எத்தனை கைகள் மாறியிருக்கும்! கீழே குனிந்து பாருங்கள். பின்பக்கம் போல்ட் போட்ட மூடி இருந்தால் அது சாலிஸ்பரி வகை. பல ஆறு சிலிண்டர் ஃபால்கன்களிலும் வேலியண்ட்களிலும் வந்த போர்க்வார்னரும் இந்த வகைதான். பின்பக்கம் மூடியே இல்லாமல் வழவழப்பான குமிழாக இருந்து, உள்பாகம் முன்பக்கமாகக் கழன்று வந்தால் பாஞ்சோவாகவோ ஒன்பது இஞ்சாகவோ இருக்கும். ஒன்பது இஞ்சில் அடிப்பக்கத்து இரண்டு நட்டுகளுக்கு நேரான சாக்கெட் போகாது, ஸ்பேனர்தான் வேண்டும்.

கேஸ் போல்ட்டில் தொங்கும் சிறிய தகட்டில் '3L50' என்றிருந்தால், 3.50 விகிதம், லிமிடெட் ஸ்லிப் என்று பொருள். ஆனால் உள்ளே பல் மாற்றியவர் தகட்டை மாற்றியிருக்க மாட்டார். நீங்களே அளந்துவிடுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலானால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். லிமிடெட் ஸ்லிப்பானால் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். துல்லியமாக வேண்டுமென்றால் பல்லை எண்ணுங்கள்: 37-ஐ 12-ஆல் வகுத்தால் 3.08, 39-ஐ 11-ஆல் வகுத்தால் 3.55.

"விகித எண் பெரிதானால் கார் வேகம்" என்பதும் அரைகுறை உண்மை. புறப்படும் வேகம் கூடும். நெடுஞ்சாலையில் கணக்கு வேறு. டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் உருளும் என்று வைத்துக்கொள்வோம். கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்று. மணிக்கு 100 கி.மீ.யில் 3.08 விகிதம் எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,570 சுற்று ஓட வைக்கும், 3.55 என்றால் 2,960, 4.11 என்றால் 3,430. மெல்போர்னிலிருந்து அடிலெய்டு வரை அந்த இரைச்சலோடு போக யாருக்குப் பொறுமை? ஐந்தாம் கியர் 0.8 உள்ள கியர்பாக்ஸ் பொருத்தியிருந்தால் 3.55 தாராளமாகப் போடலாம். சாலையில் அது 2.84 போல நடந்துகொள்ளும். ஆகவே கியர்பாக்ஸையும் டயரையும் முடிவு செய்த பிறகுதான் விகிதத்தைத் தேட வேண்டும்.

ஃபோர்டு 2016-இலும் ஹோல்டன் 2017-இலும் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதை நிறுத்திவிட்டன. அதனால் இருக்கும் பழைய பாகங்களைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம். எச்.ஆரிலிருந்து கழற்றிய பாஞ்சோவுக்கு பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றி, பற்களின் இடைவெளியைச் சரியாக வைத்துத் திரும்ப மாட்டினால் அந்தக் கார் இன்னும் பல வருடம் ஓடும். வேறு டிஃபரன்ஷியல் போட்டே தீர வேண்டுமானாலும், பழையதை எண்ணெய் பூசிக் கொட்டகையில் வைத்திருந்து, காரை விற்கும்போது கூடவே கொடுத்துவிடுங்கள்.