குக்ரி கற்பித்த பாடம்

1971 டிசம்பர் 9-ம் தேதி இரவு, டையூவுக்கு அருகே அரபிக்கடலில் இந்தியக் கடற்படையின் "குக்ரி" போர்க்கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உள்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். குக்ரியும் அதன் துணைக்கப்பல் "கிர்பா"னும் அங்கு சென்றதே பாகிஸ்தானின் "ஹேங்கோர்" நீர்மூழ்கிக் கப்பலை வேட்டையாடத்தான். வேடன் இரையானான்.

துணிவுக்குக் குறைவில்லை, கருவிதான் பின்தங்கியிருந்தது. ஹேங்கோரின் சோனார், அதாவது நீருக்கடியில் ஒலியை உணரும் கருவி, குக்ரியின் சோனாரைவிட வெகுதொலைவு கேட்கவல்லது. தேடுபவரைத் தேடப்படுபவர் முன்பே கண்டுகொண்டால் வேட்டை தலைகீழாகிவிடும்.

கரையோர ஆழமற்ற கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கென்றே 16 சிறிய கப்பல்களைக் கட்ட 2019 ஏப்ரலில் கொல்கத்தா, கொச்சி கப்பல் கட்டும் தளங்களுடன் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. முதல் கப்பலான "அர்னாலா", சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியில் 2022 டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டது. உள்நாட்டிலேயே இவை உருவாவது பெருமைக்குரியது. ஆனால், 2022 அக்டோபரில் தொடங்கி ஆண்டுக்கு இரண்டாக ஒவ்வொரு தளமும் ஒப்படைத்து, 84 மாதங்களில் பணி முடிய வேண்டும் என்பதே ஒப்பந்தம். அர்னாலா படையில் சேர்ந்ததோ 2025 ஜூனில்தான். அந்த ஆண்டு முடிய சேர்ந்தவை மூன்று மட்டுமே.

சீனாவிடமிருந்து 8 நீர்மூழ்கிகளைப் பெற பாகிஸ்தான் ஒப்பந்தம் செய்துள்ளது. அவ்வகைக்கு அந்நாடு சூட்டியிருக்கும் பெயர் ஹேங்கோர். அப்பெயர் நினைவூட்டுவது எதை என்பதை விளக்க வேண்டியதில்லை.

கப்பல்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. வெப்பக்கடலில் நீரின் வெப்பநிலை அடுக்கடுக்காக மாறுவதால் ஒலி வளைந்து செல்கிறது. ஆழமற்ற நீரில் கடலடித் தரையின் எதிரொலியும் மீன்பிடிப் படகுகளின் இரைச்சலும் சேர்ந்து குழப்புகின்றன. இவற்றிலிருந்து நீர்மூழ்கியின் ஒலியைப் பிரித்தறிய நீண்டகாலப் பயிற்சி பெற்ற காதுகள் வேண்டும். ஹெலிகாப்டரைத் தம்முடன் கொண்டு செல்லாத இச்சிறு கப்பல்களுக்கு, கரையிலிருந்து வானூர்திகளின் துணை எந்நேரமும் கிடைத்தாக வேண்டும்.

ஆகவே, எஞ்சிய கப்பல்கள் எப்போது வரும், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதை நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு அமைச்சகம் தெளிவுபடுத்துவது அவசியம். மாலுமிகளின் வீரத்தைப் போற்றுவது எளிது. அந்த வீரம் வீணாகாதபடி உரிய கருவியை உரிய காலத்தில் தருவதே அரசின் கடமை.