கணினிப் பகுதி: பச்சையும் சிவப்பும்

விண்டோஸ் 10 அமைப்புக்கு வழக்கமாக அளிக்கப்பட்டு வந்த பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோயிற்று. அதன் பிறகு நம் சங்கத்துக் குடும்பங்களில் சிலர், புதிய கணினி வாங்க வகையின்றியும் பழையதைக் கழித்துப்போட மனமின்றியும், டெபியன் என்னும் விலையில்லா அமைப்பை அதில் ஏற்றிக்கொண்டதை அன்பர்கள் அறிவர். அவர்களிடமிருந்து வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. 'ஆப்ட் என்பதன் முகமே மாறிவிட்டதே, பட்டியலைப் பச்சையிலும் சிவப்பிலும் பிரித்துக் காட்டுகிறதே, இதனால் ஆவதென்ன?' என்பது அக்கேள்வி. தனித்தனியே விடை எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுவது நலமென்று எண்ணினேன்.

ஆப்டைப் பற்றி அறியாதவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டு 9-ஆம் தேதி வந்த டெபியன் 13-இல் இத்தகைய பொதிகள் 69,830 உள்ளன என்று அதை வெளியிட்டோர் அறிவித்தனர். எந்தப் பொதியும் பெரும்பாலும் தனியே வருவதில்லை. தமிழில் தட்டச்சுச் செய்ய ஐபஸ்-எம்17என் என்ற பொதியைக் கேட்டால், அதற்குத் துணையான நிரல்கள் அடங்கிய பொதியும், தமிழ்99 முதலிய விசையமைப்புகள் அடங்கிய பொதியும் கூடவே வந்தாகவேண்டும். எதற்கு எது தேவை என்று கணக்கிட்டு, கிடங்கிலிருந்து தருவித்து, வரிசைப்படி இறக்கி வைக்கும் குமாஸ்தாவே ஆப்ட். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 முதற்கொண்டு இவ்வேலையை அது செய்துவருகிறது. டெபியன் 13-இல் இருப்பது, 2025 ஏப்ரலில் வெளியான அதன் 3.0 பதிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும் என்பதை நினைவில் கொள்க.

பொதிகளைக் கொண்டுவருவது மட்டுமே இக்குமாஸ்தாவின் வேலை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அகற்றுவதும் அதன் வேலையே. புதிதாக வரும் பொதியோடு பழையது ஒன்று ஒத்துப்போகாவிடில், பழையதை எடுத்துவிட்டால் கணக்குச் சரியாகும் என்று அது முடிவு கட்டக்கூடும். நம்மைக் கேட்காமல் செய்வதில்லை. ஆனால் எப்படிக் கேட்டது என்பதில்தான் சங்கடம். பழைய பதிப்புகளில் வரப்போவன, மாறப்போவன, போகப்போவன எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய பத்திகளாக, ஒரே நிறத்தில், மூச்சுவிட இடமின்றி ஓடின. கடைசியில், 'தொடரலாமா?' என்று ஒரு வரி. வழக்கமான நிறுவுதலில் வெறுமனே என்டர் விசையைத் தட்டினாலும் 'ஆம்' என்றே கொள்ளப்படும். பார்சல் ஆபீஸில் பட்டியலைச் சரிபாராமல் கையெழுத்திடுகிறவனை மேலதிகாரி விட்டுவைக்கமாட்டார். வீட்டில் நாம் எல்லோரும் அப்படித்தான் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தோம்.

இதனால் விளைந்த ஒரு சம்பவம் உலகப் பிரசித்தி பெற்றது. 2021 நவம்பரில், கனடா நாட்டைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்டியன் என்பவர் (லினக்ஸை இயற்றிய லைனஸ் டோர்வால்ட்ஸ் வேறு, இவர் வேறு), டெபியன் வழிவந்த பாப் ஓஎஸ் என்னும் அமைப்பில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிகளின் கணக்கில் அன்று ஏற்பட்டிருந்த ஒரு பிசகினால், அதை நிறுவவேண்டுமாயின் திரையையே நடத்தும் பொதிகளை அகற்றவேண்டும் என்று ஆப்ட் கணக்கிட்டது. எச்சரிக்கையும் செய்தது. மேலே செல்வதற்கு 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தை முழுவதும் தட்டும்படி கேட்டது. அவர் தட்டினார். ஜன்னல்களும் சுட்டியும் மறைந்து, கருந்திரையும் எழுத்துகளுமே எஞ்சின. கணினித் தொழிலிலேயே வாழ்பவர் அவர். எச்சரிக்கை இருந்தது, ஆனால் நீண்ட பட்டியலுக்குள் அது புதைந்து கிடந்தது என்பதே என் கருத்து. அதன் பின் ஆப்டை எழுதுவோர் விதியை மாற்றி, இன்றியமையாத பொதிகளை அந்த வாக்கியத்தை மட்டும் தட்டி அகற்ற இயலாதபடி செய்தனர்.

நிற்க. இன்றைய 3.0 பதிப்பில் பட்டியல் தனித்தனித் தலைப்புகளின் கீழ், நெடுக்கு வரிசைகளாக, கண்ணுக்கு இதமான இடைவெளியோடு வருகிறது. நிறுவப்படுவனவும் புதுப்பிக்கப்படுவனவும் பச்சை எழுத்தில். அகற்றப்படுவன சிவப்பு எழுத்தில். எத்தனை வருகின்றன, எத்தனை போகின்றன, எவ்வளவு இறக்கவேண்டும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும், எவ்வளவு இடம் இருக்கிறது என்பனவற்றையும் தெளிவாகச் சொல்கிறது. இதை வெறும் அலங்காரம் என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. பச்சையைப் படிக்காவிட்டாலும் குற்றமில்லை. சிவப்பில் ஒரு பெயர் தென்பட்டால் கை விசையிலிருந்து தானே பின்வாங்கும். அதுவே இந்தப் பதிப்பால் நமக்கு வாய்த்த பெரிய லாபம்.

நம் வாசகர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். அவர்கள் வீட்டுப் பாட்டியம்மாள், ஊரிலுள்ள தங்கைக்கு வாரம் ஒரு கடிதம் கணினியில் தமிழில் எழுதி அனுப்பும் வழக்கமுடையவர். பழைய பதிப்பு இருந்தபோது, இடம் போதவில்லையென்று பேரன் ஒரு பெரிய மென்பொருளை நீக்கினான். பிறகு 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்று தட்டினான். யாருக்கும் தேவைப்படாத துணைப் பொதிகளைக் கூட்டித் தள்ளும் கட்டளை அது. அந்தக் குப்பையோடு தமிழ்த் தட்டச்சுப் பொதியும் போய்விட்டது. ஏனெனில் அது அம்மென்பொருளுக்குத் துணையாக வந்ததென்று ஆப்டின் கணக்கில் பதிவாகியிருந்தது. மறுநாள் பாட்டியம்மாள், 'இந்தப் பெட்டிக்குத் தமிழ் மறந்துபோயிற்று' என்றாராம். வேற்று மொழி வழங்கும் ஊரில், அந்த வீட்டில் தமிழ் எழுதுவதற்கு இருந்த ஒரே கருவி அது. அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. இரண்டு வாரம் தங்கைக்குக் கடிதம் போகவில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. ஆப்ட் ஒவ்வொரு பொதியையும் இரு வகையாகப் பதிவு செய்கிறது: நாமே கேட்டு வாங்கியது ஒன்று, வேறொன்றுக்குத் துணையாக வந்தது மற்றொன்று. நாமே கேட்டு வாங்கியதை ஆட்டோரிமூவ் தொடுவதில்லை. ஆகவே, தமிழ்த் தட்டச்சுப் பொதியையும் ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாமல் போன்ற எழுத்துருப் பொதியையும் ஏற்கெனவே இருந்தாலும் ஒருமுறை 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். கேட்டு வாங்கியதென்று பதிவு மாறிவிடும். 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்ற கட்டளையும் இதையே செய்யும். இந்தப் பத்தியை மட்டுமாவது கத்தரித்துக் கணினியின் அருகே ஒட்டி வைப்பது நன்று.

இன்னொன்று. 'ஆப்ட் அப்கிரேடு' என்ற கட்டளை இருக்கும் பொதிகளைப் புதுப்பிக்கும், தேவையானால் புதியது கொண்டுவரும், எதையும் அகற்றாது. 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு' அகற்றவும் செய்யும். அன்றாடத்துக்கு முந்தியதே போதும். பிந்தியதைப் பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டவேண்டாம். சந்தேகமிருந்தால் கட்டளையோடு '--சிமுலேட்' என்று சேர்த்துத் தட்டுங்கள். செய்யப்போவதைச் சொல்லிக் காட்டுமேயன்றி ஒன்றும் செய்யாது.

கணக்கிடும் முறையையே புதிதாக அமைத்திருக்கிறார்கள். ஜூலியன் ஆந்த்ரேஸ் க்ளோடே என்பவர் இயற்றிய இம்முறை, ஒரு வழி அடைபட்டால் வந்த வழியே திரும்பி வேறு வழி தேடும் தன்மையுடையது. நாமே கேட்டு வாங்கிய பொதியைத் தானாக அகற்ற அது துணிவதில்லை. ஆயினும் 3.0 பதிப்பில் இது தானாக முன்னுக்கு வரவில்லை. விரும்புவோர் '--சால்வர் 3.0' என்று சொல்லி அழைக்கவேண்டும்.

முத்திரைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கிடங்கிலிருந்து வரும் சரக்கு வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு, அதன் பட்டியல்மீது மின்னணு முத்திரை இடப்பட்டிருக்கும். முன்னாளில் 'ஆப்ட்-கீ' என்றொரு கட்டளை இருந்தது. அதைக்கொண்டு ஏற்ற எந்தச் சாவியும் எல்லாக் கிடங்குகளுக்கும் பொதுவாகச் செல்லுபடியாயிற்று. ஒரே சாவி எல்லா வாகன்களின் சீலுக்கும் சாட்சி சொல்வதை எந்த ரயில்வேக்காரன் ஒப்புவான்? இப்போது அக்கட்டளையே நீக்கப்பட்டுவிட்டது. கிடங்கின் விவரத்தோடு அதற்குரிய சாவி இன்னதென்று தனியே குறிக்கவேண்டும். முத்திரையைச் சோதிப்பதற்கும் எஸ்கியூவி என்ற புதிய கருவி வந்திருக்கிறது. எஸ்.எச்.ஏ-1 என்னும் பலவீனமான பழைய முறையில் இட்ட முத்திரைகளை 2026 பிப்ரவரி 1 முதல் அது ஏற்பதில்லை. ஆகவே வெளியார் கிடங்கு ஏதேனும் வைத்திருப்போர்க்குப் பிழைச் செய்தி வரலாம். 'ட்ரஸ்டட்=எஸ்' என்று சேர்த்தால் சரியாகிவிடுமென்று யாரேனும் யோசனை சொன்னால் கேளாதீர்கள்; அது சீலையே பார்க்காமல் கதவைத் திறப்பதாகும். கிடங்கின் உரிமையாளர் முத்திரையை மாற்றும்வரை காத்திருப்பதே முறை.

கிடங்கு விலாசங்களை ஒரே வரியில் நெருக்கி எழுதும் வழக்கத்தையும், தலைப்பிட்ட படிவம்போல் மாற்ற 'ஆப்ட் மாடர்னைஸ்-சோர்ஸஸ்' என்ற கட்டளை தந்திருக்கிறார்கள். பழைய கோப்பைப் பத்திரமாக வைத்துவிட்டே மாற்றுகிறது.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. நீண்ட பட்டியல் கேட்டால் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டுகிறது. புதியவர்கள் அதிலிருந்து வெளிவரத் தெரியாமல் மின்சாரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். கியூ என்ற விசையைத் தட்டினால் போதும்.

3.0-க்குப் பின் வந்த பதிப்புகளில் 'ஆப்ட் ஒய்' என்று கேட்டால், இந்தப் பொதி ஏன் இங்கே இருக்கிறது என்று விடை வரும். செய்ததைப் பட்டியலிட 'ஹிஸ்டரி-லிஸ்ட்', செய்ததை மாற்றியமைக்க 'ஹிஸ்டரி-அன்டூ' ஆகியனவும் வந்துள்ளன. டெபியன் 13-இல் இவை கிடையா. தட்டிப் பார்த்துவிட்டுக் கணினி பழுதென்று எழுதவேண்டாம்.

மிகப் பழைய 32 பிட் கணினி வைத்திருப்பதாக எழுதிய இரு அன்பர்களுக்கு: அத்தகைய இயந்திரத்துக்கு டெபியன் 13-இல் நிறுவும் வட்டே வெளியிடப்படவில்லை, முந்திய 12-ஆம் பதிப்பே அதற்கு உரியது. பழைய கணினி வாங்கப்போகிறவர்கள், விலை பேசுமுன் அது 64 பிட் தானா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்க.