வளர்க்கத் தொடங்குமுன் வாங்குபவரைத் தேடுங்கள்

மல்லாவியில் சில்லறைக் கடை வைத்திருக்கும் எம்மவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தார். நத்தை ஓட்டுக்குள் குடியிருந்து குஞ்சு பொரிக்கும் ஒருவகை அலங்கார மீனை வளர்க்கும்படி அவரிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். "பத்து மீன் கொண்ட ஒரு செட்டை எங்களிடம் வாங்குங்கள். குஞ்சுகளை நாங்களே நிரந்தர விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வோம்" என்பது பேச்சு. செட்டின் விலையோ ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவுக்குச் சமம். மனைவியின் நகையை அடகு வைத்தாவது இதில் இறங்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டு, 2009 இன் பின்னர் திரும்பி வந்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மீண்டும் கடை திறந்தவர்கள் எம்மில் பலர். அவர்களுடைய கையிருப்பு சிறியது. அது ஒருமுறை போனால் மறுமுறை சேர்வதற்குப் பத்து வருடம் எடுக்கும். ஆகவே இந்தக் கேள்விக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லாமல், மீனையும் வியாபாரத்தையும் வேறு வேறாக எடுத்துப் பார்ப்போம்.

மீன் நல்ல மீன்தான்

இந்த மீன்களின் தாயகம் ஆபிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி. தன்சானியா, கொங்கோ, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகள் அதன் கரையில் உள்ளன. ஏரியின் அடியில் சில இடங்களில் வெற்று நத்தை ஓடுகள் படுக்கை போலக் குவிந்து கிடக்கின்றன. அந்த ஓடுகளே இம்மீன்களுக்கு வீடும் பிரசவ அறையும். 'சிக்லிட்' எனும் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. 1952 இல் எமது நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று குளங்களெல்லாம் நிறைந்திருக்கும் திலாப்பியாவும் அதே குடும்பம்தான். ஆனால் திலாப்பியா சட்டிக்கு வரும். இதுவோ பெரும்பாலும் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. வியாபாரிகள் 'மல்ரி' என்று சுருக்கிச் சொல்லும் வகைதான் வளர்ப்பதற்கு மிக இலகுவானது.

மல்லாவிக்கு இதில் இரண்டு அனுகூலங்கள் உண்டு. முதலாவது தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு படியும் கிணற்று நீரை நாம் எல்லோரும் ஏசுகிறோம். டாங்கனிக்கா மீன்களுக்குத் தேவையானது அந்தக் கடின நீர்தான். மென்மையான நீருள்ள ஊரில் காசு கொடுத்து உப்புச் சேர்த்து உண்டாக்கும் தன்மை, வன்னியில் பல கிணறுகளில் இயல்பாகவே உண்டு. எல்லாக் கிணறும் ஒன்றல்ல. சிலதில் உவர், சிலதில் இரும்பு. ஆகவே தண்ணீரைப் பரிசோதித்துக் கொள்வது முதல் வேலை. காரத்தன்மை சற்றுக் குறைவாக இருந்தால் கழுவிய சிப்பி ஓட்டுத் துகளை வடிகட்டிக்குள் போட்டால் போதும். இதற்காகக் கடலில் முருகைக்கல் எடுக்கப் போகாதீர்கள், அது சட்டவிரோதம்.

இரண்டாவது ஓடு. வெளிநாடுகளில் இதைக் கடையில் விலைக்கு வாங்குகிறார்கள். வவுனிக்குளத்துக் கரையிலும் வயல் வரப்பிலும் காய்ந்து கிடக்கும் நத்தை ஓடுகளை அவித்துக் கழுவினால் இந்த மீனுக்கு அதுவே போதும்.

வளர்ப்பு முறையும் சிக்கலானதல்ல. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் ஏறத்தாழ 56 லீற்றர் தண்ணீர் கொள்ளும். அதில் இரண்டு, மூன்று அங்குலத்துக்கு நுண்மணல் போட்டு, மீனின் எண்ணிக்கையை விட மூன்று மடங்கு ஓடுகளைப் பரப்ப வேண்டும். மீன்களே மணலைத் தோண்டி ஓடுகளைத் தமக்கேற்றபடி புதைத்துக்கொள்ளும். பெண் மீன் ஓட்டுக்குள் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாட்களின் பின்னர் கண்ணுக்குத் தெரியாத அளவு குஞ்சுகள் ஓட்டின் வாயில் எட்டிப் பார்க்கும். மல்ரி தன் குஞ்சைத் தின்பதில்லை. மூத்த குஞ்சும் இளைய குஞ்சும் ஒரே குடியிருப்பில் வளரும். அவற்றுக்கு முதல் உணவு, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறால் குஞ்சு. நுளம்புக் குடம்பி சேகரிக்கிறேன் என்று வீட்டைச் சுற்றி வாளி வைக்க வேண்டாம். டெங்கு காலத்தில் அது அயலவருக்குச் செய்யும் அநியாயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கும் போடுவார்.

இனித்தான் பொறுமை தேவை. இவை மிக மெதுவாக வளர்பவை. விற்கக்கூடிய அளவுக்கு வர நான்கைந்து மாதங்கள் ஆகும். கப்பி மீனைப் போல ஒரே தடவையில் ஐம்பது குஞ்சு கிடைக்காது. பத்து, பதினைந்து தப்பினால் நல்லது. உணவைக் கூடப் போட்டு அவசரப்படுத்தினால் நடப்பது வேறு. எஞ்சும் உணவு அழுகி அமோனியா உண்டாகும். கார நீரிலும் சூட்டிலும் அமோனியாவின் நஞ்சு பல மடங்கு கூடும். எந்தத் தண்ணீர் எமக்கு அனுகூலமோ, அதே தண்ணீர் கவனக்குறைவைத் தண்டிக்கும்.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

மீனைப் பற்றி இவ்வளவும் உண்மையென்றால் திரும்ப வாங்கும் பேச்சில் என்ன குறை? ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொட்டியில் மாதம் 15 குஞ்சு தப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு குடும்பங்களுக்குச் செட் விற்றால் மாதம் 1,500 குஞ்சு. இவற்றைத் திரும்ப எடுப்பவர் யாருக்கு விற்பார்? இன்னும் நூற்றைம்பது குடும்பங்களுக்குப் பத்துப் பத்தாக 'செட்' என்று விற்றால்தான் உங்களுக்குத் தரப் பணம் வரும். அடுத்த மாதம் அவர்களுக்குக் கொடுக்க அதைவிடக் கூடுதலான குடும்பங்கள் வேண்டும். ஆசைக்காக மீன் வாங்கி வீட்டில் வைத்துப் பார்க்கும் கடைசி வாடிக்கையாளர் இந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை.

அந்தக் கடைசி வாடிக்கையாளர் இருந்தாலும் ஒரு சங்கடம் உண்டு. இம்மீன் அவருடைய தொட்டியிலும் தானாகவே பெருகும். இன்று வாங்கியவர் ஒரு வருடத்தில் தானே விற்பவராகிவிடுவார். சீனி, தேயிலை போல மாதாமாதம் தீர்ந்து திரும்ப வாங்கும் சரக்கல்ல இது.

இது கற்பனைப் பயமல்ல. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் இதே பேச்சைப் பேசின. குஞ்சும் தீனியும் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம், பறவையைத் திரும்ப எடுக்கிறோம் என்றன. ஈமு இறைச்சியை வாங்கச் சந்தையில் ஆள் இருக்கவில்லை. 2012 இல் நிறுவனங்கள் விழுந்தபோது ஆயிரக்கணக்கான சிறு முதலீட்டாளர்கள் பணத்தை இழந்து நின்றார்கள்; பறவைகள் தீனியின்றிக் கிடந்தன. மீனிலும் பாடம் உண்டு. நெற்றி புடைத்த 'லுவோ ஹான்' எனும் கலப்பு மீன், அதுவும் சிக்லிட்தான், 2000 களின் தொடக்கத்தில் மலேசியா, சிங்கப்பூரில் அதிர்ஷ்ட மீன் என்று பெரும் விலைக்குப் போனது. எல்லோரும் வளர்க்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. வேண்டாத மீன்களைச் சிலர் நீர்த்தேக்கங்களில் கொண்டுபோய் விட்டார்கள்.

சரியாக நடந்த இடங்கள்

அப்படியானால் அலங்கார மீன் தொழிலே கூடாதா? அப்படியல்ல. சென்னை கொளத்தூரில் வீடுகளிலும் சிறு காணிகளிலும் மீன் வளர்த்து எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. செக் குடியரசில் வீட்டு அறைகளுக்குள் மீன் வளர்த்தவர்களே அந்நாட்டை ஐரோப்பாவின் முக்கிய ஏற்றுமதியாளராக்கினார்கள். எமது நாட்டிலும் ஏற்றுமதியாளர்கள் சிறு வளர்ப்பாளர்களிடம் கப்பி முதலிய மீன்களைச் சேகரித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நக்டா எனும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையும் இத்துறைக்கென உண்டு. இவ்விடங்களிலெல்லாம் வளர்ப்பவர், சேகரிப்பவர், உணவு விற்பவர், ஒட்சிசன் அடைத்துப் பொதி செய்பவர் எல்லோரும் கிட்டக்கிட்ட இருக்கிறார்கள். வாங்குபவர் முதலில் இருந்தார். வளர்ப்பவர்கள் அவரைச் சுற்றிப் பெருகினார்கள்.

மல்லாவியில் இந்தச் சங்கிலி இன்னும் இல்லை. மீனை மாங்குளம் கொண்டுவந்து, ஏ9 வீதியேறி, கொழும்பு போய்ச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. வன்னியின் பகல் வெயில் சிறு தொட்டியைக் கொதிக்க வைக்கும். இம்மீனுக்கு 25, 26 பாகை செல்சியஸ் போதும். மின்சாரமும் நம்பத்தக்கதல்ல. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டை நாம் மறக்கவில்லை. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று இல்லாமல் இத்தொழிலில் இறங்கக் கூடாது.

மார்க்கத்தின் அளவுகோல்

தண்ணீருக்குள் கிடக்கும் மீனை விற்பதை, நிச்சயமற்ற கரர் வியாபாரத்துக்கு உதாரணமாக ஃபிக்ஹ் நூல்கள் காட்டுகின்றன. கண்ணாடித் தொட்டியில் கண்ணால் கண்டு, எண்ணி, பிடித்துக் கொடுக்கும் மீன் அதில் சேராது. ஆனால் இன்னும் பொரிக்காத குஞ்சுக்கு இன்றே விலை பேசி, அந்த விலையை நம்பி நகையை அடகு வைப்பது எதில் சேரும் என்பதை உலமாக்களிடம் கேட்டு முடிவெடுங்கள். வட்டிக்கு எடுத்த பணத்தில் தொடங்கும் தொழிலில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

விற்கும்போது நோயுள்ள மீனைச் சொல்லி விற்க வேண்டும். பூனையைக் கட்டிவைத்து உணவு கொடுக்காத பெண்ணைப் பற்றிய நபிமொழி நாம் அறிந்ததே. தொட்டிக்குள் அடைத்த உயிருக்கும் அதே பொறுப்பு உண்டு. நஷ்டம் வந்தால் மீனைக் குளத்தில் கொட்டிவிட்டுப் போவதும் கூடாது. மீன்தொட்டிக்கு வந்த 'டேங்க் கிளீனர்' மீன் இன்று எமது நீர்நிலைகளில் வலையைக் கிழித்து மீனவரை வருத்துவது போதாதா?

மல்லாவி நண்பருக்கு

நகையை அடகு வைக்க வேண்டாம். செட்டும் வேண்டாம். கையில் உள்ள உபரிப் பணத்தில் ஒரே ஒரு தொட்டி வையுங்கள். கொழும்பிலோ வவுனியாவிலோ நம்பிக்கையான ஒருவரிடம் ஆறு மல்ரிக் குஞ்சுகளை வாங்கி ஒரு வருடம் வளர்த்துப் பாருங்கள். அந்த ஒரு வருடத்துக்குள் கொழும்பு, கண்டிக் கடைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் நேரில் போய், மாதம் எத்தனை, எந்த அளவில், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேளுங்கள். எடுப்பவர் இருந்தால் இரண்டாவது தொட்டியை வையுங்கள். கடையின் ஒரு மூலையில் கப்பி, மீன் உணவு, பம்ப், அவித்த நத்தை ஓடு ஆகியவற்றையும் வைத்தால், வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவது அவற்றுக்காகத்தான்.

செட் விற்க வந்தவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "என்னிடம் எடுக்கும் குஞ்சை நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள்? அவருடைய கடையை எனக்குக் காட்டுவீர்களா?" காட்டினால் பேசுங்கள். காட்டாவிட்டால் ஒரு தேநீர் கொடுத்து ஸலாம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எமது உழைப்பிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.