பைப் வேறு, ரியூப் வேறு

ஊரில் வெல்டிங் செய்த தம்பி ஒருவர், இங்கே அந்த வேலைக்குப் போக எதைப் படிக்கவேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். முதலில் அளவுச் சொற்களைப் படியும் தம்பி. காரணத்தைச் சொல்கிறேன்.

1993இல் ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தேன். மூன்று மாதம் வேலையைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். இரண்டாம் மாதம் வயோதிபர் ஒருவர் பழைய இராணுவ லொறியொன்றைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் கனடா 8 இலட்சத்துக்கும் அதிகமான இராணுவ வாகனங்களைச் செய்து கொடுத்தது. ஒஷாவாவில் ஜெனரல் மோட்டோர்ஸும் வின்சரில் போர்ட்டும் செய்த லொறிகளில் இது ஒன்று. பிரித்தானிய முறைப்படி செய்ததால் ஸ்ரியரிங் நம்மூரைப்போல வலப்பக்கம். எனக்கோ பச்சை நிறத்தைக் கண்டதும் வயிற்றைக் கலக்கியது. படங்கு போட்ட பச்சை லொறி வந்தால் ஓடி ஒளிந்துதானே நமக்குப் பழக்கம். அவர் மட்காட்டைத் தடவிக்கொண்டு, தகப்பன் போரில் இப்படியொன்றுதான் ஓட்டினார் என்றார்.

படங்கைத் தாங்கும் வளைவுகள் நான்கில் மூன்று தொலைந்துவிட்டன. மிஞ்சியதும் நெளிந்து கிடந்தது. நான்கையும் புதிதாகச் செய்யவேண்டும். போர்மன் என்னை இரும்புக் கடைக்கு அனுப்பினார். அவர் சொன்னது 1¼ அங்குல ரியூப். நான் கேட்டு வாங்கியது 1¼ அங்குல பைப். ஊரில் எல்லாமே பைப்தானே! இங்கே ரியூபுக்கு வெளி விட்டத்தைத்தான் சொல்வார்கள். 1¼ அங்குல பைப் என்பதோ பெயருக்குத்தான். அதன் வெளி விட்டம் 1.66 அங்குலம். நாலையும் அளவாக வெட்டிவிட்டுத்தான் லொறியின் குழிகளில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இறங்கவில்லை. வெட்டியதைக் கடை திருப்பி எடுக்காது.

ரியூப் வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. பட்டறையின் வளைக்கும் அச்சுகள் பைப் அளவுக்கானவை. அவற்றில் ரியூபை வைத்தால் தாராளமாக இருந்து, வளைவில் சப்பிவிடும். அப்போதுதான் ஊர்ப் பழக்கம் கைகொடுத்தது. நன்றாகக் காய்ந்த மணலை உள்ளே இறுக்கித் தட்டி நிரப்பி, இரு முனையும் மர ஆப்பால் அடைத்தேன். ஈர மணல் கூடவே கூடாது. சூட்டில் நீராவியாகி ஆப்பு குண்டுபோலப் பறக்கும். பழைய வளைவில் நெளியாத பாதியைத் தரையில் வெண்கட்டியால் முழு அளவில் வரைந்து, அதையே மறுபக்கம் திருப்பி வரைந்தேன். பிறகு மூலைகளைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, கோட்டோடு கோடாக வளைத்தேன். நான்கையும் லொறியில் ஏற்றி, உச்சிகளுக்கு மேலே நூல் பிடித்துப் பார்த்தோம். ஒன்று பதிந்தாலும் அந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கிப் படங்கு தொய்யும். மூன்றாவது அரை அங்குலம் உயர்ந்திருந்தது. அடியில் வெட்டிச் சரிசெய்தேன்.

படங்கு சரியாக இருந்தது. வயோதிபர் என் கையைப் பிடித்து விடவேயில்லை. வேலையும் நிரந்தரமானது. ஆனால் அந்தக் கிழமைச் சம்பளத்தில் பைப்பின் விலையைக் கழித்துவிட்டார்கள். வேலையில் விட்ட பிழைக்காகச் சம்பளத்தில் கழிக்க ஒன்ராறியோச் சட்டம் இடங்கொடுக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

வெல்டிங் பரீட்சைக்கு விண்ணப்பிப்பது பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.