கப்பல் பார்க்கப் போகிற தம்பிமாருக்கும், சங்குக்குப் போகிற தம்பிமாருக்கும்



சித்திரையில் கடல் தெளியத் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் நமது பக்கத்துக் கடலுக்குக் கீழே இறங்குவதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். வெள்ளி பின்னேரம் பாசிக்குடா வந்து சேருவார்கள். சனிக்கிழமை இரண்டு தரம், ஞாயிறு காலை ஒரு தரம் இறங்கிவிட்டு வீடு திரும்புவார்கள். முன்பு இப்படி வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். இப்போது கொழும்பு, கண்டிப் பக்கத்துப் பொடியன்மாரும் வருகிறார்கள். கட்டாரிலிருந்து லீவில் வந்த நமது ஊர்த் தம்பிமார் சிலரும் நாலைந்து நாள் கோர்ஸ் செய்து கார்ட் எடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பார்க்க ஆசை ஒன்றுதான்: யுத்தத்தில் தாண்டுபோன கப்பல்கள்.

நல்ல ஆசை. அதைத் தடுக்க இந்தப் பதிவை எழுதவில்லை. ஆனால் அதே கடலில், அதே ஆழத்தில், நமது வேறு சில பிள்ளைகளும் இறங்குகிறார்கள். சங்குக்கும் கடலட்டைக்கும் போகிறவர்கள். அவர்களுக்குக் கார்ட்டும் இல்லை, கோர்ஸும் இல்லை. இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்த்து நாம் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

முதலில் அந்தக் கப்பல்கள் எவை என்று பார்ப்போம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டு வெளியேறிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் அகப்பட்டது. விமானந்தாங்கி என்று பெயர், ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 300க்கும் மேற்பட்ட மாலுமிகள் கப்பலோடு போனார்கள். கூடச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் தாண்டது. வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் பக்கத்தில் வந்ததால் சுமார் 600 பேர் உயிர் தப்பினார்கள். பாசிக்குடாவுக்கு அப்பால் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அதே நாளில் அடிபட்டதுதான்.

நமது மீனவர்களுக்கு இந்த இடங்கள் நன்றாகத் தெரியும். கப்பல் கிடக்கிற இடத்தில் மீன் அடையும் என்பதால் தெரியும். ஆனால் கீழே கிடப்பது என்ன கப்பல், எப்போது தாண்டது, எத்தனை பேர் மௌத்தானார்கள் என்று அந்த போட்டை ஓட்டுகிற பிள்ளையிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. கொழும்பிலிருந்து வருகிறவர் அதை வாசித்துவிட்டு வருகிறார். இதுவும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

இப்போது புதிதாகக் கார்ட் எடுத்த தம்பிமாருக்கு.

உங்கள் முதலாவது கார்ட் 18 மீற்றர் வரைக்கும்தான். அடுத்த கோர்ஸ் செய்தால் 30 மீற்றர். பொழுதுபோக்குக்கு முழுகுகிறவர்களுக்கு எந்தப் பயிற்சியோடும் 40 மீற்றர்தான் கடைசி எல்லை. பிரிட்டிஷ் சார்ஜன்ட் சுமார் 24 மீற்றரில் கிடக்கிறது. ஆகவே அதற்கு இரண்டாவது கோர்ஸ் வேண்டும். ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அது தனிப் பயிற்சி, தனி வாயுக் கலவை, பல வருட அனுபவம் உள்ளவர்களுக்குரிய இடம். “கொஞ்சம் மேலே நின்று பார்த்துவிட்டு வருவோம்” என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். காசு கட்டியாச்சு, கூட்டாளிமார் எல்லாம் போகிறார்கள், வீடியோ போட வேண்டும் என்பதெல்லாம் உயிருக்கு ஈடான காரணங்கள் அல்ல.

கணக்கு சாதாரணமானது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 30 மீற்றரில் கரையில் இருப்பதைப்போல நாலு மடங்கு. கரையில் இரண்டு மணித்தியாலத்துக்குக் காணும் சிலிண்டர் அங்கே அரை மணித்தியாலத்துக்குத்தான் காணும். பயந்து வேகமாக மூச்சு இழுத்தால் அதுவும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், பாடசாலையில் படித்த போயிலின் விதி நமது நெஞ்சுக்குள்ளேயே வேலை செய்யும். 10 மீற்றரில் இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகிச் சுவாசப்பையைக் கிழித்துவிடும்.

கப்பலுக்குள்ளே நுழையாதீர்கள். வெளியே நின்று பார்க்கவே நிறைய இருக்கிறது. உள்ளே 80 வருடச் சேறு படிந்திருக்கிறது. காலை ஒரு தரம் அடித்தால் வாசல் எங்கே என்று தெரியாது. வெளியேயும் நமது ஆட்களின் அறுந்த வலைகள் சிக்கிக் கிடக்கின்றன. ஒரு சின்னக் கத்தி இல்லாமல் இறங்க வேண்டாம். இன்னொன்று: காலையில் பாசிக்குடாவில் முழுகிவிட்டு அன்றைக்கே குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு ஏறுகிற பழக்கம் வேண்டாம். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு நாள் விடச் சொல்வது எதற்கோ அதே காரணம்தான். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது.

கப்பலிலிருந்து ஒரு ஆணியைக்கூட எடுத்து வராதீர்கள். பழைய கப்பல்களுக்குத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஹேர்மிஸ் முந்நூறு பேரின் கப்று. நமது மையவாடியில் யாரும் கல்லைக் கழற்றிக்கொண்டு போனால் நாம் பொறுப்போமா?

இனி சங்குக்கும் அட்டைக்கும் போகிற தம்பிமாருக்கு. உண்மையில் இந்தப் பதிவே உங்களுக்காகத்தான்.

கப்பல் பார்க்க வந்தவர் 24 மீற்றருக்கு இறங்கினால் பொதுவான அட்டவணைப்படி சுமார் அரை மணித்தியாலம்தான் நிற்கிறார். 30 மீற்றர் என்றால் 20 நிமிடம். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறமாட்டார். 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வருவார். போட்டில் ஒரு மணித்தியாலமாவது இருந்துவிட்டுத்தான் அடுத்த தரம். கையில் கம்பியூட்டர் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். கூடவே ஒரு சோடி இருப்பார்.

நமது பிள்ளை? அதே ஆழத்துக்கு, ஒரு நாளில் நாலைந்து சிலிண்டரோடு, ஒன்று முடிய ஒன்று. எத்தனை நிமிடம் நின்றான் என்ற கணக்கு இல்லை. சங்கு கண்ணில் படுகிற வரைக்கும் நிற்கிறான். காற்று முடிகிற நேரம் ஒரே ஓட்டமாக மேலே வருகிறான்.

ஆழத்தில் நைதரசன் இரத்தத்திலும் உடம்பிலும் கரைகிறது. ஆறுதலாக வந்தால் மூச்சோடு வெளியே போய்விடும். அவசரமாக வந்தால் சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டில் வந்தால் நோவு. முள்ளந்தண்டில் வந்தால் கால் விளங்காது, சலம் போகாது. கரையோர ஊர்களில் கட்டிலோடு கிடக்கிற இளம் வாப்பாமார் சிலரை நமக்குத் தெரியும். “கடல் அடிச்சிட்டு” என்றும் “கண்ணூறு” என்றும் சொல்லிவிடுகிறோம். அது கண்ணூறு அல்ல, கணக்குப் பிழை.

சிலர் சொல்வார்கள், “நமது மூத்தவங்க மன்னார்க் கடலில் முத்துக்குளிச்சவங்க, அவங்க எந்தக் கோர்ஸ் படிச்சாங்க?” என்று. சரியான கேள்வி. ஆனால் அவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு கல்லைப் பிடித்து இறங்கி, அந்த மூச்சு முடிவதற்குள் மேலே வந்தார்கள். கீழே நின்று அமுக்கக் காற்றை மணிக்கணக்கில் சுவாசிக்கவில்லை. சிலிண்டர் வந்த நாளிலிருந்து இது வேறு தொழில். அந்தத் துணிச்சல் நமது பிள்ளைகளிடம் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு அது மட்டும் காணாது.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பொழுதுபோக்குக்கு வருகிறவனுக்குப் படிப்பு இருக்கிறது, பிழைப்புக்கு இறங்குகிறவனுக்கு இல்லை. இது நியாயமல்ல. இதை மாற்றுவது நமது கையிலும் இருக்கிறது.

மீனவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் சேர்ந்து ஊருக்கு வருடம் இரண்டு மூன்று பிள்ளைகளுக்காவது கோர்ஸ் காசைக் கட்டலாம். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு உதவுகிறோமே, இதுவும் கல்விதான். படித்த பிள்ளை நாளைக்கு வெறும் போட் ஓட்டியாக நிற்கமாட்டான். கப்பலைக் காட்டுகிற வழிகாட்டியாக, பிறகு பயிற்றுநராக வருவான். மற்றத் தம்பிமாருக்கும் அவனே சொல்லிக்கொடுப்பான்.

சிலிண்டரோடு போகிற எந்த போட்டிலும் ஒட்சிசன் ஒன்று இருக்கட்டும். மேலே வந்தவனுக்கு மூட்டு நோவு, விறைப்பு, தலைசுற்று, கால் பெலமின்மை என்றால் ஒட்சிசனைக் கொடுத்துப் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கடலில் இறங்கியவன் என்று டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதற்குரிய அமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. திரும்பத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்ப்பது, எண்ணெய் தேய்த்து விடியும் வரைக்கும் பார்ப்பது இரண்டும் வேண்டாம். பிந்துகிற ஒவ்வொரு மணித்தியாலமும் காலை எடுத்துவிடும்.

இந்தப் பிள்ளைகளின் கண் எவ்வளவு பெறுமதியானது என்று தெரியாதவர்களுக்கு ஒரு செய்தி. இந்து சமுத்திரத்தில் இதுவரை கண்டெடுக்கப்பட்ட கப்பல்களில் மிகப் பழையது அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் கிடக்கிறது. சுமார் 2,000 வருடம் பழமையானது. 2003இல் அதை முதலில் கண்டவர்கள் பேராசிரியர்கள் அல்ல. சங்கு தேடி இறங்கிய உள்ளூர் மீனவர்கள். அதற்குப் பிறகுதான் ஆய்வாளர்கள் இறங்கினார்கள்.

நமது கடலிலும் அப்படிக் காணக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு, இரண்டு காலோடு மேலே வர வேண்டும். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். உங்கள் வீட்டில், உங்கள் ஒழுங்கையில் சிலிண்டரோடு போகிற தம்பி ஒருவர் இருந்தால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சங்கங்களில் இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.

அல்லாஹ் கடலுக்குப் போகிற நமது பிள்ளைகள் எல்லோரையும் பாதுகாத்துக் கரை சேர்ப்பானாக. ஆமீன்.