கையோ, கருவியோ?

ஒளிப்படம் எடுப்பார் செய்வனவற்றுள் தலையாயது குவித்தல் என்ப. காணக் கருதிய பொருளின் வடிவு தெளிவுற விழுமாறு லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தும் இச்செயலை முன்னையோர் தம் கையாற் செய்தனர். இந்நாளைக் காமிராக்கள் தாமே செய்துகொள்கின்றன. 1977-இல் கோனிக்கா நிறுவனத்தார் தானே குவிக்கும் சிறு காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1985-இல் மினோல்ட்டா 7000 வெளிவந்தபின் தொழில் வல்லாரும் இம்முறையை மேற்கொள்ளலாயினர். இன்றோ, கையாற் குவித்தல் பழமை பாராட்டுவாரது வீண்வேலை என நம் மாணவருட் பலர் நகைக்கின்றனர். யாம் அதற்கு உடன்படோம்.

கருவியின் ஆற்றலைக் குறைத்துரைக்க யாம் கருதினேமல்லேம். பந்தின்பின் விரைந்தோடுவாரையும், நீரிற் பாயும் மீன்கொத்தியையும் தொடர்தற்கு விரலினும் கருவியே வல்லது. பறவையின் கண்ணையே தேர்ந்து பற்றும் காமிராக்களும் இப்பொழுது உள. ஆயினும் இவை தோன்றுமுன் விலங்குகள் படமாகாமற் போகவில்லை. ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றிய அ. மாதவையா அவர்களின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள், கருவி குறைந்த காலத்துக் கண்ணுங் கையும் எத்துணை வல்லனவாயிருந்தன என்பதற்குச் சான்று பகரும்.

நிற்க. எம்மூர் ஆலயத்திலே, கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவு நடந்த மெழுகுதிரி ஆராதனையில், எம் பாட்டியார் திரியேந்தி நின்ற கோலத்தைப் படமெடுக்க முயன்றோம். ஒளியும் நிழலும் மாறுபடும் விளிம்பைத் தேடிப் பற்றுதல் கருவியின் இயல்பு. இருளில் அது பற்றுக்கோடின்றி அலைந்தது. ஈற்றில் அவர் பின்னிருந்த நாற்காலியின் சித்திர வேலையைப் பற்றிக்கொண்டது. நாற்காலி மிகத் தெளிவாக விழுந்திருந்தது; பாட்டியார் முகமோ மங்கிப்போயிற்று. அடுத்த கிறிஸ்துமஸ் வருமுன் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கையாற் குவிக்கும் வளையம் அந்த லென்ஸிலும் இருந்தது. அதனைத் திருப்ப யாம் கற்றிருந்திலேம். ஆதலின் குற்றம் கருவியினதன்று.

முகமறியும் காமிராவாயின் இது நேர்ந்திராது என்பர் சிலர். இருக்கலாம். ஆயினும் ஐம்பது முகம் நிறைந்த கூட்டத்தில் நமக்கு வேண்டிய முகம் யாதென அதற்கு நாமே சொல்லுதல் வேண்டும்.

இரவு வானத்து விண்மீன்களை எடுப்பார், ஒளிமிக்க மீனொன்றைத் திரையிற் பெருக்கிக் கண்டு, கையாற் குவித்து அவ்வாறே நிறுத்திவிடுவர். சிற்றெறும்பை மிக அணுகி எடுப்பார்க்குத் தெளிவாக விழும் ஆழம் ஒரு மயிரிழையளவே. அவர் லென்ஸை அசையாது வைத்துத் தம் உடலையே மெல்ல முன்பின் சாய்ப்பர். கம்பி வலைக்கு அப்பாலுள்ள புலியை எடுக்கப் புகுவார்க்கோ, கருவி பெரும்பாலும் வலையையே காட்டும்! கண்ணொளி குன்றிய மூத்தோர்க்குத் தானே குவிக்கும் காமிரா பேருதவி என்பதையும் மறவோம். எம் வாதம் இளைஞரை நோக்கியது.

நம் கல்லூரியில் ஒளிப்படம் பயிலப் புகுவார் முதற் பருவம் முழுதும் கையாலேயே குவித்துப் பழகுக என்பது எம் வேண்டுகோள். பழைய லென்ஸுகளை இணைப்பு வளையம் பொருத்திப் புதிய காமிராக்கள் பலவற்றில் மாட்டலாம். விலையும் பெரும்பாலும் குறைவே. அத்தகையது ஒன்று எம்மிடத்து உண்டு. வேண்டுவோர் விடுதிக்கு வந்து கேட்டுப் பெற்றுச் செல்லலாம். திங்களிறுதியில் திருப்பித் தந்தாற் போதும்.