மீன் ஏறாத ஆறு

பாலாற்றைப் பற்றி இப்பக்கத்தில் எழுந்துள்ள முறையீடுகள் அனேகம். நீர் வரவில்லை என்பது ஒன்று. வந்த நீர் வாயில் வைக்கத் தக்கதாயில்லை என்பது மற்றொன்று. மணலை வாரிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது பின்னுமொன்று. யாவும் நியாயமானவையே. ஆயினும், அவ்வாற்றில் வாழ்ந்த மீன்கள் என்னவாயின என்று வினவுவார் மிக அரியர். இது அற்ப விஷயமென்று நம் வாசகருள் சிலர் நகைத்தலுங் கூடும். அற்பமன்று என்பதும், ஓர் ஆறு மீண்டதோ இல்லையோ என்பதைக் கூறுதற்கு மீனினும் நம்பத்தக்க சாட்சி வேறில்லை என்பதுமே நாம் இங்கு சொல்லப் புகுந்தவை.

கர்நாடகத்து நந்திமலைப் பக்கத்தில் தோன்றி, ஆந்திரத்திற் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியே வந்து வயலூரருகே கடலிற் கலப்பது பாலாறு. அதன் நீளம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சித்தூர்ப் பக்கத்து மலைகளிலிருந்து நீவா என்னும் பெயரோடு இறங்கி, நம் எல்லைக்குள் பொன்னை எனப் பெயர்கொண்டு, சோளிங்கருக்கு மேற்கே மேற்பாடியையும் அப்பால் திருவலத்தையும் தொட்டுச் செல்லும் ஆறு, இராணிப்பேட்டைக்கு அண்மையில் அதனோடு சேர்கிறது. இவ்விரண்டும் மழையை நம்பி ஓடுவன. ஆண்டிற் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றில் மீனுக்கென்ன வேலை என்பார்க்கு நாம் கூறும் விடை இது: மணற்பரப்புக்கு நடுவே வற்றாத மடுக்கள் உண்டு, கரைக்கு அப்பால் ஏரிகள் உண்டு. கோடையில் மீன் அவற்றில் ஒதுங்கும். விராலோ ஈரச் சேற்றுக்குள்ளும் உயிர் தாங்கிக் கிடக்கும். புதுவெள்ளம் வந்தவுடன் கெண்டையும் கெளுத்தியும் நீரை எதிர்த்து ஏறி முட்டையிடும். மடு, ஏரி, கால்வாய், ஆறு, கடல் ஆகிய இவற்றை ஆண்டுக்கொரு முறை ஒன்றாகக் கோத்துவிடுவது வெள்ளமே. அக்கோவை அறாதிருக்கும் வரையில், ஆறு பத்து மாதம் வறண்டு கிடந்தாலும் அது ஆறே.

இவ்விஷயத்தில் விலாங்கின் வரலாறு வியக்கத்தக்கது. அது பிறப்பது ஆழ்கடலில். கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் சிறு குஞ்சாக ஆற்றுமுகத்தில் நுழைந்து, ஆறுகளிலும் ஏரிகளிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்தபின் முட்டையிடுவதற்கு மீண்டும் கடலுக்கே செல்கிறது, சென்றது திரும்புவதில்லை. மேனாட்டார் பெரிதும் போற்றும் சால்மன் என்னும் மீன் இதற்கு நேர்மாறானது. ஆற்றின் தலைப்பிற் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஓடையையே நாடி வந்து முட்டையிடும். ஒன்று ஏறுவதும் மற்றொன்று இறங்குவதுமாயிருப்பினும் இரண்டிற்கும் வேண்டுவது ஒன்றே: கடல் முதல் மலை வரை அடைபடாத வழி.

அவ்வழி நம் நாட்டில் அடைபட்டது நேற்றன்று. வாலாஜாவுக்கருகில் பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு 1858இல் எழுந்தது. பொன்னையாற்று அணைக்கட்டும் ஏறக்குறைய அக்காலத்ததே. அவற்றால் பல ஏரிகள் நிரம்பின என்பதை நாம் மறுக்கவில்லை. சோளிங்கர்ப் பக்கத்து உழவர் பொன்னைக் கால்வாயை நன்றியோடு நினைப்பதும் தகும். ஆனால், அணைக்கட்டுகளால் மீன்வளம் குன்றுமோ என்னும் ஐயத்தை 1860களிலேயே எழுப்பியவர் யார்? அணைகட்டுவதிற் பெரும்புகழ் பெற்ற ஸர் ஆர்தர் காட்டன் துரையே! அதன்பின் டாக்டர் பிரான்ஸிஸ் டே என்பார் நாடெங்கும் ஆராய்ந்து, நன்னீர் மீன்களைப்பற்றிய தம் அறிக்கையை 1873இல் வெளியிட்டார். அறிக்கை நூல்நிலையத்திற் புகுந்தது. அணைகள் ஆற்றில் பெருகின. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் காவிரியில் உல்லம் மீனின் வரவு குன்றிற்று. கங்கையில் அலகாபாத்துக்கும் அப்பால் ஏறிய அதே மீன், 1975இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அப்பக்கம் ஏறுவது அரிதாயிற்று.

பாலாற்றுக்கு நேர்ந்ததோ இரட்டைக் கேடு. ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட காலத்தும் கழிவு இருந்தது. 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசாங்கத்தார் கட்டுப்படுத்தியபின், குரோமிய முறை இவ்வட்டாரத்தில் விரைந்து பரவிற்று. பச்சைத்தோலைக் காக்க இட்ட உப்பு, மயிர் களையச் சேர்த்த சுண்ணாம்பும் கந்தகச் சரக்கும், பதனிடும் குரோமியம், தோலிலிருந்து கழிந்த ஊன் ஆகிய அனைத்தும் நீரிற் கலந்தன. ஊன் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு செலவாகிறது. வண்டல் அடியிற் படிந்து முட்டைகளை மூடுகிறது. உப்போ மணலினூடே இறங்கிக் கிணறுகளையும் கெடுக்கிறது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமிய இரசாயனத் தொழிற்சாலையொன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்டது.

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் 1991இல் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பைச் சட்டம் பயிலும் மாணவர் எல்லாரும் அறிவர். மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டமாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஒருபகுதியோ பயிருக்குதவாமற் போயிற்றென அதிற் குறிக்கப்பட்டுள்ளது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்கு ஈட்டுத்தொகை வழங்கவும், மேற்பார்வைக் குழுவொன்றை அமைக்கவும் மறுபடியும் ஆணையிட நேர்ந்தது. இருபத்தெட்டாண்டுகளுக்குப் பின்னரும் மறுபடி ஆணை வேண்டியிருந்ததென்றால், முதல் ஆணை எவ்வளவில் நிறைவேறிற்று என்பதை வாசகரே உய்த்துணர்க. இதனால் தோல் தொழிலை நாம் வெறுக்கிறோமென யாரும் கொள்ளற்க. அத்தொழிலால் அடுப்பெரியும் வீடுகள் ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் பல்லாயிரம். நம் மாணவர் பலர் அவ்வீடுகளிலிருந்து வந்தவரே.

நிற்க, கெட்ட ஆறு மீளுமோ எனின், மீளும் என்பதற்குச் சான்றுண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் எல்வா என்பதொரு சிற்றாறு. 1913இலும் 1927இலும் எழுந்த இரண்டு அணைகள் அதனை அடைத்தன. மீன் ஏறுதற்கு வழி விடப்படவில்லை. கரையில் வாழும் க்லாலம் என்னும் பழங்குடியார் நெடுங்காலம் முறையிட்டனர். 2011இல் அணைகளை இடிக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள். சால்மன் மேலே ஏறிற்று. அணைக்குப் பின்னே தேங்கிக் கிடந்த மணல் இறங்கி, கடல்முகத்தில் புதுக்கரை அமைத்தது. 2024இல் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் நீக்கப்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே, நூறாண்டுக்கு மேலாகக் காணாத இடங்களில் அம்மீன் காணப்பட்டது. அங்கே மணலை ஆற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இங்கே நாம் லாரியில் ஏற்றிவிட்டோம். நீரைப் பொதிந்து வைத்திருந்த மணல் போனபின், ஊற்றுக்கால்கள் தூர்ந்தன, மடுக்களும் நிலைகுலைந்தன.

அணைக்கட்டுகளை இடிக்கவேண்டுமென நாம் சொல்லவில்லை. அது இங்கே பொருந்தாது. ஆனால் ஆற்றை மீட்பதென்றாலே தடுப்பணை கட்டுவதென்று இரு மாநிலத்தாரும் எண்ணுகின்றனரே, அவ்வெண்ணத்தோடு நமக்கு உடன்பாடில்லை. 2016இல் புல்லூர்த் தடுப்பணையை ஆந்திரத்தார் ஐந்தடியிலிருந்து பன்னிரண்டடிக்கு உயர்த்தியபோது நாம் கூக்குரலிட்டோம். அதே கையால் கீழே நம் பக்கத்தில் தடுப்பணைகளைக் கட்டிக்கொண்டோம். தேங்கிய நீர் கிணற்றுக்கு உதவும், மெய்யே. ஆயினும் குட்டைகளின் வரிசைக்கு ஆறென்று பெயரிடலாகாது.

தடுப்பணை அவசியமாயின், அதன் ஒரு புறத்தில் கரடுமுரடான கற்களைப் பரப்பி, மெல்லிய சரிவாக ஒரு நீர்வழி விடுக. சால்மனுக்கென அமைத்த மீனேணியை அப்படியே இங்கே பெயர்த்து வைப்பதிற் பயனில்லை. நம் கெளுத்தியும் ஆரலும் அம்மீன் போல் தாவுவன அல்ல. கற்சரிவுக்கு ஆகும் செலவு அணையின் செலவை நோக்கச் சிறிது. எஞ்சியுள்ள மடுக்களில் மணலெடுப்பதைத் தடுத்தலும் உடன் வேண்டும். இவற்றை எங்கே தொடங்குவதெனின், பொன்னையில் என்போம். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல்நகரங்களைக் கடந்து வருவதன்று அவ்வாறு. நோய் முற்றாத உறுப்பிலன்றோ மருந்து முதலிற் பிடிக்கும்? பாலாற்றின் நஞ்சு குறைந்து வருங்காலத்து அங்கே குடியேறுவதற்கு மீன் பொன்னையிலிருந்து இறங்கி வருதல் கூடும்.

நம் கல்லூரி விலங்கியல் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். வருகிற ஐப்பசி, கார்த்திகையில் பொன்னையில் புதுவெள்ளம் வந்தவுடன், அணைக்கட்டுக்கு மேலும் கீழும் எவ்வெம்மீன் எத்தனை அகப்படுகிறதென்று கரையில் வலைவீசுவோரைக் கேட்டு எண்ணி எழுதுக. ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எவ்வளவு, நம் மீன் எவ்வளவு என்பதையும் பிரித்துக் குறிக்க. விலாங்கு ஒன்றேனும் அணைக்கு மேற்புறத்தில் அகப்படின், நாளும் இடமும் தவறாமற் பதிக. அவ்வட்டவணையை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட இப்பகுதியில் இரண்டு பக்கம் ஒதுக்குமாறு பத்திராசிரியரை இப்பொழுதே கேட்டுக்கொள்ளுகிறோம்.